கோது

கொடிதுவக்கு தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து
"ரெடி, மிஸ்" என்றான்.
பத்தடி நீளம். உள்ளே தண்ணீர்
எதையும் கேள்விப்படாதது போல் கிடந்தது.

நாற்பத்தைந்து. உரித்த கோழி ஒன்றின் கனம்.
பிடியில் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருந்தது;
தன் கை வேர்க்கும் என்று
முன்கூட்டியே அறிந்த எவனோ.

என் கை சின்னது. இரண்டாலும் பிடித்தேன்.
வலது காலைப் பின்னே வைத்தேன்.
பதினொரு வருடம், எத்தனையோ துவக்கு,
இருந்தும் விசையில் விரல் படும்போது
நாக்கு போய் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

காதுக்கவசத்துக்குள் சத்தம் வரவில்லை.
நெஞ்செலும்புக்குள் வந்தது.
துவக்கு மேலே துள்ளி
மறந்த எதையோ கூரையில் தேடிவிட்டு இறங்கியது.
கோது வலப்பக்கம் பறந்து, சுவரில் பட்டு,
என் கழுத்துக்கும் கொலருக்கும் நடுவில் விழுந்தது.

கத்தினேன்.
கொடிதுவக்கு சிரித்தான். பிறகு
ஐஸ் எடுக்க ஓடினான்.

மூன்று தரம் சுடுவது எங்கள் வழக்கம்.
மிச்ச இரண்டையும் சுட்டேன்.

தேநீர் நேரம் அவனுக்குச் சொன்னேன்:
உன் பெயரில் பாதி தமிழில் ஆயுதம்.
அதே சொல்லுக்குத் தொடங்கு என்றும் பொருள்.
"எதை, மிஸ்?" என்றான்.

மேசை விளக்கின் கீழ் அது
செட்டியார் தெருவில் புதிதாய் வந்தவனை ஏமாற்றக்கூடிய மஞ்சள்.
வாயில் புகைக் கறுப்பு.
மோந்தால் தீக்குச்சி, பழைய சில்லறை,
கொஞ்சம் மூத்திரச் சந்து.
அடியில் ஊசி குத்திய குழி, நடுவை விட்டுச் சற்றே விலகி,
ஓடுகிற பஸ்ஸில் வைத்த பொட்டு.
விளிம்பில் ஒரு பல் கீறிய தடம்.
கோதைக் கவ்வி வெளியே எறிவதில்
ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு பழக்கம்.
வீட்டில் யார் கதவைச் சாத்துகிறார்கள் என்று
பாராமலே தெரிகிற மாதிரி.

நுணுக்குக்காட்டியில் இடப்பக்கம் பீ மூன்று.
ஜிந்துப்பிட்டிச் சந்தியில், பூட்டிய லொத்தர் சாவடி முன்
கானுக்குள் இருந்து எடுத்தது.
வலப்பக்கம் என்னுடையது.
நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு.
திருப்பினேன், இன்னும் கொஞ்சம் திருப்பினேன்,
கீறல்கள் கோட்டைத் தாண்டி வந்து
கை கோத்துக்கொண்டன.

அந்த இரவு அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.
இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.
தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டு நின்றேன்.
"வெடி" என்றார் என் கணவர், "கோயில்ல."
எந்தக் கோயில், என்ன விசேஷம் என்று
நான் கேட்கவில்லை.
இதுவே தொழிலாக உள்ளவள் நான்.
தோசையைத் திருப்பிப் போட்டேன்.

கோப்பில் பெயர் இருக்கிறது.
ரெஜினோல்ட் சவரிமுத்து, முப்பத்திநாலு, ஓட்டோ.
பொலிஸ் வந்து நிறுத்தும் வரைக்கும் மீட்டர்
காத்திருப்புக் கட்டணம் ஏற்றிக்கொண்டே இருந்ததாம்.

அறிக்கையில் என் பங்கு ஒரு வரி:
இரண்டும் ஒரே துவக்கால் சுடப்பட்டவை.
புதுக்கடையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழும்பி
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்பார்:
சுட்டது யார் என்று கோது சொல்லுமா?
சொல்லாது என்பேன், சிங்களத்தில்.
நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

அவர் கேளாதது:
ஒருதரம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு,
இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன்.
லேபல் மட்டும் இல்லாவிட்டால்
எது அவன் விரல், எது என் விரல்
எனக்கே பிடிபடாது.

இரவு முகம் கழுவும்போது அவர் கண்டுவிட்டார்.
"கழுத்தில என்ன?"
அரை நிலா அளவு, சிவப்பு, கோதின் வாய்.
"எண்ணெய் தெறிச்சது" என்றேன்.
எந்த எண்ணெய், எப்போது என்று
அவர் கேட்கவில்லை.
களிம்பு தேடி அலுமாரிக்குப் போனார்.